இரண்டு தட்டு, ஒரு தடவல்

மத்தியானம் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்தில் யாரோ குழந்தையைத் தட்டிக்கொடுத்தார்கள். விஜயஸ்ரீ அதைத் திரையில் பார்த்தாள், வழக்கம்போல எரிச்சல்பட்டாள், பதிவின் ஓரத்தில் ‘தட்டு’ என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் மருத்துவமனையில் பதினாறு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. தலையில் இருபது சின்ன உலோகக் கிண்ணிகளைப் பசை தடவி ஒட்டி, நழுவாமலிருக்க மேலே குல்லா மாதிரித் துணிக்கட்டுப் போட்டு, ஒவ்வொரு கிண்ணியின் கம்பியையும் கட்டிலோரத்துப் பெட்டியில் செருகினால், மூளையின் அலைகள் பக்கத்து அறைத் திரையில் கோடு கோடாக ஓடும். கோமாவில் கிடப்பவர்களுக்கு வலிப்பு வருகிறதா என்று அறிய இதை விட்டால் வேறு வழியில்லை. அவர்களுக்குக் கை கால் அசையாது, கண் இமைக்காது. பார்க்கிறவர்கள் அமைதியாகத் தூங்குவதாக நினைப்பார்கள். உள்ளே மூளை மட்டும் மணிக்கணக்காக வலிப்பில் வெந்துகொண்டிருக்கும்.

கோடுகள் பொய்யும் சொல்லும் என்பதுதான் இதில் வினை. செல்போன், ஃபேன், கட்டிலில் பட்ட முழங்கால் எல்லாம் அதில் ஏறும். குழந்தைகளுக்குத் தாய் தட்டிக்கொடுத்தால் அதுவும் ஏறும், அதுவும் சீராக, தாளம் தப்பாமல், வலிப்பைப் போலவே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை அதைக் குறிக்க மறந்துபோனாள். ஒரு தாயின் கையை வலிப்பு என்று நம்பி டாக்டர் ஊசி போட, அந்தக் குழந்தை இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து தட்டு என்றால் அவள் குறிக்காமல் விடுவதே இல்லை. “தட்டாதீங்கம்மா, தட்டாதீங்க” என்று நாளெல்லாம் சொல்லுவாள். பெற்ற மனம் பித்து. இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் கை பிள்ளையின் மேலே போயிருக்கும்.

டீ வாங்கி வந்து உட்கார்ந்து இரண்டு வாய் குடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் குழந்தைக்குத் தாய் கிடையாது.

மூன்றாம் கட்டில். ஃபர்ஹத், ஐந்து வயது, மேலப்பாளையம். பத்து நாளுக்கு முன்னால் பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டரில் வரும்போது லாரி இடித்துவிட்டது. வண்டி ஓட்டிய தாய் மைதீன் பாத்திமா அந்த இடத்திலேயே போய்விட்டாள். குழந்தை தலையில் அடியோடு கோமாவில் கிடந்தது. சவூதியில், தம்மாமில் இருந்த தகப்பன் வந்து சேருவதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது.

சொந்தக்காரர்களை ஐ.சி.யூ.வுக்குள் காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும்தான் விடுவார்கள். விஜயஸ்ரீ டீயை வைத்துவிட்டு எழுந்து போனாள். ஜன்னல் இல்லாத அந்த நீள அறையில் எந்நேரமும் ஒரே வெளிச்சம், ஒரே குளிர், ஃபினாயிலும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரே வாடை. ஆறு வென்டிலேட்டர்கள் ஆறு விதமாக மூச்சிழுத்துக்கொண்டிருந்தன. ஆண் நர்ஸ் நேசையா சார்ட் எழுதிக்கொண்டிருந்தார்.

“நேசையா அண்ணே, மூணாம் கட்டில் பக்கம் யாரு வந்தா? ரெண்டு மணிக்கு மேல?”

“எவன் வருவான்? நான் இங்கனதான் இருக்கேன்.”

“பிள்ளைய யாரோ தட்டிக்குடுத்திருக்காங்க.”

“மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டீங்களா மேடம்?” என்று நேசையா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

பதிவோடு கேமராப் படமும் ஓடும். அவள் திரும்பி வந்து அதைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பன்னிரண்டு. குழந்தை மல்லாந்து கிடக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. போர்வை கூட அசையவில்லை. கீழே கோடுகளில் மட்டும் தட்டு விழுந்துகொண்டிருக்கிறது. கிண்ணி ஒட்டிய மூன்று நாள் பதிவையும் புரட்டினாள். பதினோரு இடத்தில் அவள் கையால் ‘தட்டு’ என்று போட்டிருந்தாள். பதினொன்றும் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றுக்குள். பதினொன்றிலும் ஆள் இல்லை.

பேய் பிசாசு என்ற நினைப்பே அப்போது வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. ஆள் இல்லாமல் தட்டு இல்லை, அப்படியென்றால் அது வலிப்பு. மூன்று நாளாக ஒரு குழந்தையின் மூளை வெந்திருக்கிறது, அவள் அதன் மேல் ஒரு சொல்லைப் போட்டு மூடியிருக்கிறாள்.

நரம்பியல் டாக்டர் ஞானசிகாமணியைக் கூப்பிட்டுச் சொன்னாள். “சார், நான் தட்டுன்னு போட்டது எதுவும் தட்டு இல்ல சார்.”

அவர் அந்தப் பதினோரு குறிப்பையும் வரிசையாகப் பார்த்தார். “உங்க குறிப்பைப் பாத்துத்தான் நான் எல்லாத்தையும் தாண்டிப் போனேன், விஜயஸ்ரீ” என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வலிப்பு மருந்து ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தட்டு மறுபடி வந்தது. மருந்து அதன் மேல் பட்டதாகவே தெரியவில்லை. டாக்டர் திரை முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாளைக்கும் வந்தா, மூணு மணிக்கு டிரிப்ல பெரிய மருந்தைப் போட்டு மூளையை மொத்தமா அமத்திர வேண்டியதுதான். இந்த மூளை வீக்கத்துல அந்த மருந்து போட்டா பிள்ளை திரும்பி வருமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா வலிப்பை இப்படியே விட்டா, வந்தும் பிரயோசனமில்ல.”

“வலிப்பு இல்லன்னா சார்?”

“வேற என்னன்னு நீங்க சொல்லுங்க.”

அன்று மாலை ஐந்து மணிக்குக் குழந்தையின் மாமி, தகப்பனின் அக்கா ஆபிதா பீவி உள்ளே வந்தாள். தகப்பன் தாஜ் முகம்மதுவும் கூடவே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். வந்த நாளிலிருந்து அவன் யாரிடமும் பேசி விஜயஸ்ரீ பார்த்ததில்லை. ஆபிதா பீவி குனிந்து, துணிக்கட்டுக்கு வெளியே தெரிந்த சின்னக் காதில் வாயை வைத்தாள்.

“உம்மா வந்துக்கிட்டு இருக்கா தங்கம். வந்து பக்கத்துல படுப்பா, தட்டித் தூங்க வைப்பா. கண்ணத் தொறந்து பாரு.”

விஜயஸ்ரீ அவளைத் தள்ளி அழைத்துப்போய், “ஏன் அப்படிச் சொல்லுதீங்க?” என்று கேட்டாள்.

“வேற என்ன சொல்ல? பெத்தவ மவுத்தாயிட்டான்னு கேட்டா பிள்ளைக்கு எந்திரிக்க மனசு வருமா? கோமாவுல கெடந்தாலும் காது கேக்கும்னு உங்க சிஸ்டருதான் சொன்னாங்க. அதான் வீட்டுல எல்லாரும் பேசி வச்சிருக்கோம். இவ முன்னால யாரும் மவுத்துன்ற வார்த்தையே எடுக்கக் கூடாதுன்னு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எங்க தம்பி பொஞ்சாதி இவள அப்படி வளத்தா. பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு தின்னுட்டு, ரெண்டு மணிக்கெல்லாம் அவ மடியில சாஞ்சிரும். பீடி சுத்துத கையாலயே தட்டுவா. ரெண்டு தட்டு, ஒரு தடவல். ரெண்டு தட்டு, ஒரு தடவல். நாங்க யாராவது தட்டுனா கையப் பிடிச்சுத் தள்ளி விட்டுரும்.”

விஜயஸ்ரீ மெதுவாக நடந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பதிவைத் திறந்தாள். இரண்டு கூர்முனை, அப்புறம் ஒரு நீண்ட சரிவு. இரண்டு கூர்முனை, ஒரு சரிவு. பதினாறு வருஷத்தில் எத்தனையோ வலிப்பு பார்த்திருக்கிறாள். எந்த வலிப்பும் தடவிக்கொடுத்ததில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே, இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தாள். தட்டு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று நிமிடங்களை அவள் எப்போதும் வேகமாகத் தள்ளிவிடுவாள். இப்போது நிறுத்திப் பார்த்தாள். அங்கே குழந்தையின் அலைகள் சோம்பலை உதறிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக வேகம் எடுத்தன. தூக்கம் கலைகிற பிள்ளைக்கு அப்படித்தான் ஓடும். உடனே தட்டு. இரண்டு, தடவல். இரண்டு, தடவல். அலைகள் தளர்ந்து, அகன்று, ஆழத்துக்கு இறங்கின. அடுத்த இடத்திலும் அப்படித்தான். எல்லா இடத்திலும் அப்படித்தான்.

தினமும் அந்தக் குழந்தை எழுந்திருக்கப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யாரோ அதைத் தூங்கவைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஒன்றே முக்காலுக்கு அவள் திரையை வண்டியோடு ஐ.சி.யூ.வுக்குள் தள்ளிக்கொண்டு போய் மூன்றாம் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு டாக்டர் வருவார். டிரிப் பாட்டில் ஏற்கெனவே ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது போலும், சுவருக்குள் எங்கேயோ குழாயில் தண்ணீர் இறங்குகிற சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளியது, விட்டது, தள்ளியது. ஃபர்ஹத்தின் சின்ன நெஞ்சு அதோடு ஏறி இறங்கியது. அவளுடைய நகங்களில் மருதாணி பாதி வளர்ந்து மேலேறியிருந்தது. வைத்து விட்டவள் இப்போது இல்லை.

இரண்டு மணி ஏழு நிமிடம். கோடுகள் நிமிர ஆரம்பித்தன. குழந்தையின் இமைக்குள் கண்மணி ஒரு தடவை உருண்டது.

முதலில் வாடைதான் வந்தது. ஃபினாயிலுக்கு அடியிலிருந்து கிளம்பி, காரமாக, காய்ந்த புகையிலைத் தூள் வாடை. பீடி சுற்றுகிற மேலப்பாளையத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் மூக்கில் ஏறுகிற அதே வாடை. ஐ.சி.யூ.வுக்குள் அதற்கு வேலையே இல்லை.

அப்புறம் தட்டு. திரையில்.

நேசையா கடைசிக் கட்டிலில் யாருக்கோ சளி எடுத்துக்கொண்டிருந்தார். விஜயஸ்ரீ தன் கையைப் பார்த்தாள். அது தானாகவே நீண்டு, குழந்தையின் தோள் மேல் போய்க் கவிழ்ந்து உட்கார்ந்தது.

புறங்கையில் தட்டு விழுந்தது.

மெதுவாக. இரண்டு. பிறகு ஒரு தடவல், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும். அந்த விரல்களை அவளால் தெளிவாக உணர முடிந்தது. இலை நறுக்கி நூல் சுற்றிக் காய்த்துப்போன நுனிகள். குளிர்ச்சியில்லை. அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது. கதகதப்பாக, எந்த அவசரமும் இல்லாமல், வீட்டில் மத்தியான வேலை முடிந்த ஒரு பெண்ணின் கை. விஜயஸ்ரீக்கே கண் சொருகியது.

கையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். நாற்காலி விழுந்தது. திரையில் அலைகள் மறுபடி ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

வராந்தாவில் தாஜ் முகம்மது சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் நேரம் கெட்ட நேரத்தில் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள். நேசையா ஏதோ சொல்ல வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார்.

“பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லுங்க” என்றாள் விஜயஸ்ரீ. “உம்மா இல்லைன்னு சொல்லுங்க. உம்மா வந்து தட்டுவான்னு சொல்லிச் சொல்லித்தான் அது தூங்கிப்போகுது, இல்லைன்னு சொன்னாத்தான் எந்திரிக்கும்.”

“ஆபிதா லாத்தா சொல்லக் கூடாதுன்னு...”

“மூணு மணிக்கு மருந்து ஏத்திருவாங்க. அதுக்குள்ள சொல்லுங்க. அவங்க பேரைச் சொல்லியே சொல்லுங்க.”

அவன் அவளைப் பார்த்தான். அப்புறம் மூக்கைச் சுருக்கி ஒரு தடவை மூச்சை இழுத்தான். அந்த வாடை அவனுக்குத் தெரியாதா? கட்டிலுக்கு அந்தப் பக்கம், யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசினான்.

“பாத்திமா, நீ மவுத்தாயிட்டே. உனக்குத் தெரியாதா? நான் வாரதுக்குள்ள அடக்கிட்டாங்க. உன் மொகத்தக்கூட நான் பாக்கல. மையவாடியில மண்ணத்தான் பாத்தேன்.” குரல் உடைந்தது. “பிள்ளைய எந்திரிக்க விடு. நீ இங்கன இருக்காத பாத்திமா. போயிரு. போ.”

இரண்டு தட்டு. தடவல் வரவில்லை.

கோடுகள் வெறுமனே ஓடின. விஜயஸ்ரீ மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பத்து. இருபது. முப்பது. தட்டு வரவேயில்லை. வாடையும் கலைந்தது போலிருந்தது. அடியிலிருந்து குழந்தையின் அலைகள் எழுந்தன. இந்தத் தடவை யாரும் அமுக்கவில்லை. ஒவ்வொரு கோடும் துடிப்பாக, நெருக்கமாக மேலே வந்தது. மருதாணி விரல் ஒன்று போர்வையைச் சுரண்டியது.

“அசைக்கா! மேடம், அசைக்கா பாருங்க!” தாஜ் முகம்மது சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். விஜயஸ்ரீயும் அழுதாள். தன் ஆயுசில் இப்படியொரு சந்தோஷம் பட்டதில்லை என்று நினைத்தாள். ஒரு சொல்லால் மூடியதை ஒரு சொல்லால் திறந்தாயிற்று.

ஃபர்ஹத் கண்ணைத் திறந்தாள்.

தகப்பனைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம், நின்றுகொண்டிருக்கிற ஒரு ஆளின் முக உயரத்தைப் பார்த்தாள். டியூப் வைத்த உதடுகள் உம்மா என்று சொல்லப்போவதுபோல ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டன. ம்.

அப்போது திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே சமயத்தில் எழும்பின. இருபதும். சேர்ந்தாற்போல மேலே போய், சேர்ந்தாற்போல ஒரு பக்கம் சாய்ந்தன. விஜயஸ்ரீக்கு இது தெரியும். வாரத்துக்கு நாலு தடவை பார்ப்பாள். வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், கம்பியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தாய் குழந்தையைத் தூக்கிவிட்டால் கோடுகள் இப்படித்தான் போகும்.

“தூக்காதீங்கம்மா” என்று அவள் வாய் பழக்கத்தில் சொன்னது. “அய்யோ, தூக்காதீங்க!”

போ என்றால் எந்தத் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள்? அது அவளுக்கு இப்போதுதான் தோன்றியது.

குழந்தை கட்டிலில்தான் கிடந்தது. கண் திறந்தபடி. நெஞ்சு ஏறி இறங்கியது, வென்டிலேட்டர் தள்ளத் தள்ள. போர்வையைச் சுரண்டிய விரல் நின்றுவிட்டது. தாஜ் முகம்மது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், அழுதுகொண்டிருந்தான். “ஃபர்ஹத்து. வாப்பா வந்திருக்கேம்மா. இங்கன பாரு. வாப்பாவப் பாரு.”

தலையிலிருந்து துணிக்கட்டு நழுவியது. பைய, ஒரு முடிகூட இழுபடாமல். பசையெல்லாம் நெற்றியில் வெள்ளை வெள்ளைப் பொட்டாக நின்றுவிட்டது. கட்டு மட்டும் தலையணையை விட்டுக் கிளம்பியது.

தரையில் விழவில்லை.

ஒரு பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்த பிள்ளையின் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் அது நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் உருண்டையாக இருந்தது. ஒருபக்கம் சாய்ந்து, தோளில் படுத்த மாதிரி. இருபது கிண்ணிகளும் உள்பக்கம் திரும்பி, காலியான இடத்தின் மேல் அழுந்தி ஒட்டியிருந்தன. கதவைப் பார்த்து நகர்ந்தது. ஓர் அடி. இன்னும் ஓர் அடி. நடை தெரிந்தது. கம்பிகள் பெட்டியிலிருந்து நீண்டு, விறைத்து, அதற்கு மேல் நீளமில்லாமல் நின்றன.

கட்டிலில் ஃபர்ஹத்தின் கண்கள் இமைக்காமல் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. விளக்கு அவற்றுக்குள் அப்படியே தெரிந்தது.

திரையில் கோடுகள் நிற்கவில்லை. ஒரு குழந்தை அயர்ந்து தூங்குகிற அலைகள், அகலமாக, அமைதியாக, ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றின் மேல் இரண்டு தட்டு. ஒரு தடவல்.